பதில் வேண்டாத அழைப்புகள்

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தத் தடவை பக்கத்துக் கடைத் தையல்காரர் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

இந்த நாலு வரிக்கே சாயங்காலம் முடிந்துவிட்டது. முடிந்தால் என்ன, நாளைக்கும் ஒரு சாயங்காலம் வரும்.

ஆணி ஆலை இரைச்சல் என் காதை எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். அம்மா இருந்தவரை நீ போனில் பேசுவாய். அவள் என் முகத்துக்கு நேரே வந்து வாயசைத்துச் சொல்வாள். அவள் போன பிறகு போன் எனக்கு வெறும் டப்பா. அதனால்தான் எழுதப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்தேன். எழுபது தாண்டியவன் நான் ஒருவன்தான். வாத்தியாரம்மா உன்னைவிடச் சின்னவர். திட்டினாலும் சிரித்துக்கொண்டே இருக்கும் மாணவன் அவருக்கு இதுவரை கிடைத்ததில்லையாம்.

போன வாரம் ஆலைப் பக்கம் போனேன். பின்வாசல் கதவில் ஒரு பலகை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இவ்வழியே வரக் கூடாது." பாப்பா, வேலையில் இருந்த காலம் முழுக்க நான் அந்தக் கதவு வழியாகத்தான் போய்வந்தேன்! நின்று சிரித்தேன். காவலாளி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

இன்னொரு அதிசயம். வா, போ, தா, பூ, தீ. ஒரே எழுத்து, அதுவே முழுச் சொல். வாத்தியாரம்மா எழுதிக் காட்டியதும் கை தட்டிவிட்டேன். இந்தச் சிக்கனம் உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் என்னைத் திட்ட இன்னும் நேரம் கிடைத்திருக்கும். நான் முதலில் எழுதிப் பழகியது 'வா'. பலகை நிறைய எழுதினேன். உனக்கு அதை எழுதப்போவதில்லை. வேலை முடிந்ததும் நீயே வருவாய்.

உன் வேலை என்ன என்று கேட்பவர்களிடம் கம்ப்யூட்டர் என்று சொல்கிறேன். அதற்கு மேல் கேட்டால் இருமிவிடுகிறேன். என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியும்படி எழுது.

எழுத்து கோணலாக இருந்தால் தாளைச் சாய்த்துப் பிடித்துக்கொள்.

உன் அப்பா

*

ஜனவரி 24

அன்புள்ள அப்பா,

சாப்பிட்டேன். தூக்கம் பரவாயில்லை. உங்கள் உடம்பு எப்படி என்பதை 'ஒன்றுமில்லை' என்பதற்கு மேல் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் நின்றபடியே படித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரனை நாங்கள் தாடி என்றுதான் கூப்பிடுவோம். "என்ன, அழறியா, சிரிக்கிறியா?" என்றான். "ரெண்டும்தான், உன் வேலையைப் பாரு" என்றேன்.

என் வேலையைக் கேட்டிருந்தீர்கள். நகரத்துக் குடிநீர்க் குழாய்களைக் கவனிக்கும் மென்பொருள் எழுதுகிறோம். எந்தத் தெருவில் எவ்வளவு அழுத்தம் என்று குழாய்களில் உள்ள கருவிகள் ஓயாமல் எண்களை அனுப்பும். அழுத்தம் சட்டென்று இறங்கினால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே சொல்லியாக வேண்டும். கணக்குப் போடும் பகுதியை ஒருவர் சி என்ற மொழியில் எழுதிவைத்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார். சி எழுதியவர் என்பதால் அவருக்குச் சித்தப்பா என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் கணக்கில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. மீதியை எல்லாம் நாங்கள் மூன்று பேர் ஒரு புது மொழியில் எழுதுகிறோம். ஃபங்ஷனல் மொழி என்பார்கள். அதில் ஒன்றுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் பின்னால் வந்து யாரும் மாற்ற முடியாது. வேண்டாததை அதுவே கூட்டித் தள்ளிவிட்டு, இருப்பதை நகர்த்தி அடுக்கிக்கொள்ளும். சி அப்படி இல்லை. வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும் அதற்கு.

ஒரே வீட்டில் இரண்டு அறை, ஒன்று சித்தப்பாவின் சி, இன்னொன்று எங்கள் புது மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா அறையிலிருந்து ஒரு சின்னக் கணக்கு வேண்டும் என்றாலும், எண்ணை அவர் வழக்கப்படி மடித்துக் கட்டி, இந்தப் பக்கம் குப்பை கூட்டுகிறவளிடம் இதை நகர்த்தாதே என்று சொல்லி வைத்துவிட்டு, கதவைத் திறந்து, கொடுத்து, வாங்கி, பிரித்து, சாத்த வேண்டும். கணக்குக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. நாள் முழுக்கக் கதவு வேலைதான். எங்கள் மென்பொருள் நத்தையாக நகர்கிறது.

மார்ச் கடைசியில் சோதனை ஓட்டம். அதற்குள் வேகம் வராவிட்டால் புது மொழியையும் எங்கள் மூவரையும் சேர்த்து மூட்டை கட்டிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். வந்துவிட்டால் ஏப்ரலில் உங்களிடம் வருகிறேன்.

தபாலுக்கு ஒரு வாரம் ஆகிறது. எழுதியதைத் தையல்காரரிடம் கொடுத்தால் செல்போனில் படம் பிடித்து உடனே அனுப்பிவிடுவாரே?

பாப்பா

*

பிப்ரவரி 6

அன்புள்ள பாப்பா,

என் உடம்புக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னாய். சேர்க்கிறேன்: நன்றாக இருக்கிறது. உன் தூக்கத்துக்கு 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தாய். நீ சின்ன வயதில் ஜுரத்தில் கிடக்கும்போதும் அதையேதான் சொல்வாய்.

செல்போன் படமெல்லாம் வேண்டாம். கடிதம் என்றால் உறை இருக்க வேண்டும். கிழிக்கும் சத்தம் எனக்குக் கேட்காது, ஆனால் விரலுக்குத் தெரிகிறது. படம் பிடித்து அனுப்புவது ஏதோ ஆபத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் உனக்கு இது மூன்றாவது கடிதம். முதலாவது மருந்துக் கடைப் பலகையைப் பற்றி. இரண்டாவதில் விசேஷம் ஒன்றுமில்லை, எழுத ஆசையாக இருந்தது, எழுதினேன். தையல்காரர் சிரிக்கிறார். தாளில் எழுதிக் காட்டச் சொன்னேன். "தபால்காரர் தனியா உங்களுக்குன்னு ஒரு செருப்பு வாங்கணும்" என்று எழுதினார். அவருக்கு எழுத்துப்பிழை அதிகம். திருத்திக் கொடுத்தேன்!

உன் இரண்டு அறை வீடு எனக்குப் புரிந்தது. கதவு வேலை புரிந்தது. தினமும் சாயங்காலம் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சித்தப்பா நல்லவரா, முசுடா?

மாடிக்கு இப்போது அதிகம் போவதில்லை. கீழே முன்னறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, எழுத வசதி.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கசக்காதே.

அப்பா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அப்பா,

மூன்று கடிதத்துக்கும் சேர்த்து இது ஒன்றுதான் என்னால் முடிந்தது. கோபிக்காதீர்கள். நான் நலம்தான், கழுத்துதான் திரும்ப மறுக்கிறது.

ஒரு நல்ல செய்தி. வேகம் வந்துவிட்டது! இரண்டு மாற்றம் செய்தேன். முதலாவது, ஒவ்வோர் எண்ணாகக் கொடுத்துவிடுவதை நிறுத்தினேன். ஆயிரக்கணக்கில் சேர்த்து, குப்பை கூட்டுகிறவள் நகர்த்தாத ஒரு மூலையில் வரிசையாக அடுக்கி, ஒரே தடவையில் கொடுத்துவிடுகிறோம். சித்தப்பாவின் கணக்கு அங்கேயே வந்து படித்துக்கொள்கிறது. மடிப்பதும் இல்லை, பிரிப்பதும் இல்லை.

இரண்டாவது, 'இந்தக் கணக்கு சட்டென்று முடியும், உள்ளே இருந்து யாரும் நம்மைத் திரும்பக் கூப்பிடமாட்டார்கள்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். அப்படி வாக்குக் கொடுத்தால் தாழ்ப்பாள் வேலை எதுவும் இல்லாமல் நேரே போய் நேரே வந்துவிடலாம். போய் வரும்வரை இந்தப் பக்கத்தில் மற்ற எல்லா வேலையும் அப்படியே நிற்கும். கண் சிமிட்டும் நேரம்தானே, நின்றால் என்ன? சித்தப்பாவின் எல்லாக் கணக்குக்கும் அந்த வாக்கைக் கொடுத்துவிட்டேன்.

நத்தை குதிரையானது. மேலாளர் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். தாடி காதோரம், "அவருக்குப் பல்லு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றான்.

நாற்காலியிலேயே தூங்கிவிடுவேன் போல இருக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன். மாடிக்கு ஏன் போவதில்லை?

பாப்பா

*

மார்ச் 2

என் கெட்டிக்காரப் பாப்பாவுக்கு,

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே எல்லாம் சுகம்.

உன் கடிதத்தை வகுப்பில் எழுந்து நின்று படித்தேன். சத்தமாகப் படித்தேனாம், வாத்தியாரம்மா காதைப் பொத்திக்கொண்டார். நத்தை குதிரையான இடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

பாப்பா, எனக்கு இப்போதுதான் உறைத்தது. நானும் உன் கதவை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன்! மருந்துக் கடைப் பலகைக்கு ஒரு உறை, ஒன்றுமில்லாததற்கு ஒரு உறை. நீ வேலையை விட்டு எழுந்து, உறையைக் கிழித்து, படித்து, பதில் யோசித்து. இனி அப்படி இல்லை. தோன்றும்போது தோன்றுவதைத் தாளில் எழுதி வைப்பேன். பத்துத் தாள் சேர்ந்ததும் ஒரே உறையில் அனுப்புவேன். அடியில் 'பதில் வேண்டாம்' என்றும் எழுதிவிடுவேன். நீ தாழ்ப்பாள் எதையும் தொட வேண்டாம்.

தையல்காரரிடம் விளக்கினேன். "மகளுக்கு ஏத்த அப்பன்" என்று எழுதினார். இந்த முறை பிழையே இல்லை.

மாடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாடி அங்கேயேதான் இருக்கிறது.

அப்பா

பதில் வேண்டாம்.

*

ஏப்ரல் 4

அன்புள்ள அப்பா,

எப்படி இருக்கிறீர்கள்? ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. தாள் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனை ஓட்டம் ஆரம்பித்து மூன்றாம் நாள் மென்பொருள் அப்படியே நின்றுவிட்டது. பிழை என்றுகூடச் சொல்லவில்லை, சும்மா நின்றது. மறுபடி ஓடவிட்டோம், ஓடியது. நேற்று மறுபடி நின்றது. எங்கள் அறையில் எத்தனை தரம் சோதித்தாலும் நிற்பதில்லை. மேலாளரின் பல் மறுபடி உள்ளே போய்விட்டது. மே நடுவரை நீட்டித்திருக்கிறார்கள்.

அதனால் இந்த மாதம் வர முடியாது அப்பா. இதை எழுதக் கை வராமல்தான் தள்ளிப்போட்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ரொம்ப அலுப்பாக இருக்கிறது.

பாப்பா

*

(ஒரே உறையில், நூலால் கட்டிய தாள்கள். சில தாள்களில் இரண்டே வரிகள்.)

மார்ச் 8. பேருந்தின் பலகையை அது வந்து நிற்பதற்குள் படித்து முடித்தேன். ஏறவில்லை. எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. படிக்கத்தான் நின்றேன்.

மார்ச் 14. என் கட்டிலைக் கீழே கொண்டுவந்தாயிற்று. தையல்காரரும் அவர் மச்சானும் தூக்கினார்கள். மாடிப் படியில் மச்சான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், தையல்காரர் முகம் சிவந்தது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் காது இல்லாதது குறையாகத் தெரிகிறது.

மார்ச் 16. 'ழ' கோணாமல் வந்துவிட்டது. இன்று பக்கம் முழுக்க மழை.

மார்ச் 19. கடைத்தெருவில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன். தையல்காரர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் என் காதருகே கத்திப் பார்த்தார். நான் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்து, எழுதுங்கள் என்றேன். கோழி கிளறியது மாதிரி எழுதினார். ஆனாலும் படித்தேன் பாப்பா! யார் உதவியும் இல்லாமல், தையல்காரர் எட்டிப் பார்ப்பதற்குள். 'அடைப்பு.' படித்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன். அவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன்.

இதயத்துக்குப் போகும் குழாயிலாம். படம் போட்டுக் காட்டினார். உன் தொழில்தான், குழாயும் அழுத்தமும். ஏப்ரல் ஐந்தில் சரிசெய்யலாம், சொந்தக்காரர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று எழுதினார். மகளுக்கு எழுதுகிறேன் என்று எழுதிக் காட்டினேன். இதோ எழுதிவிட்டேன். கட்டோடு சேர்த்துவைக்கிறேன்.

மார்ச் 28. இன்று எழுதவில்லை. இதை எழுதியதால் எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 3. வாத்தியாரம்மா வீட்டுக்கே வந்து பாடம் எடுத்தார். எனக்காக ஒரு வகுப்பு நகர்ந்து வந்திருக்கிறது!

ஏப்ரல் 11. நீ வரமுடியாதென்று எழுதிய கடிதம் கிடைத்தது. பரவாயில்லை. இந்த வார்த்தையை உன்னிடமிருந்துதான் கற்றேன். ஐந்தாம் தேதி வந்து போய்விட்டது. பத்துத் தாள் இன்னும் சேரவில்லை, ஆனால் கை கொஞ்சம் அசதியாக இருக்கிறது, அதனால் இப்போதே அனுப்புகிறேன். கணக்குத் தவறியதற்கு மன்னித்துக்கொள்.

பதில் வேண்டாம்.

அப்பா

*

ஏப்ரல் 18

அன்புள்ள அப்பா,

அவசரமாக நாலு வரி. உங்கள் உறை வந்துவிட்டது. என்ன கனம்! கையில் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இத்தனையையும் நின்றபடி படிக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக, நிதானமாகப் படிக்கிறேன். தலையணை பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மென்பொருள் இன்னும் நின்று நின்றுதான் ஓடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பா

*

ஏப்ரல் 28, செவ்வாய்

அப்பா,

இதைத் தபாலில் அனுப்பவில்லை. தையல்காரர் போனுக்கு அனுப்புகிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் போய்விட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். இன்று மத்தியானம்தான் மென்பொருள் ஏன் நிற்கிறது என்று தெரிந்தது. சித்தப்பாவின் கணக்குகளில் ஒன்றின் தலையில் அவரே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: 'அழுத்தம் இறங்கினால் உடனே திரும்பக் கூப்பிடும்.' எங்கள் அறையில் எந்தக் குழாயும் உடைவதில்லை, அதனால் அது ஒரு நாளும் கூப்பிடவில்லை. வெளியே, நிஜமான குழாய் உடைந்தபோது கூப்பிட்டிருக்கிறது. உள்ளே இருந்து யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேனே, எடுத்துக் கேட்க இந்தப் பக்கம் ஆளில்லை. எல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

தாடி என் தோளில் தட்டினான். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. உங்கள் உறை ஞாபகம் வந்தது. பாதி நாளில் வீட்டுக்கு வந்து நூலை அவிழ்த்தேன். மார்ச் 19.

தையல்காரருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, அப்பா எப்படி இருக்காரு? உண்மையச் சொல்லுங்க."

"நல்லா இருக்காரும்மா. ஒன்னும் இல்ல."

"அண்ணே!"

"நான் என்னம்மா பண்றது? சொல்லக் கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாரு. இப்பதான் எழுதத் தெரியுமே அவருக்கு. எழுந்து வாசல் வரைக்கும்கூட வர முடியல. வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி நாள் குடுத்திருக்காங்க. கூட யாருன்னு கேக்கறாங்க. நான் இருக்கேன்னுதான் சொல்லியிருக்கேன். ஆனா..."



அப்பா, நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் எண்களுக்கு. உங்களுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை நான் அங்கே இருக்க வேண்டுமா, சொல்லுங்கள். பரவாயில்லை என்று எழுதாதீர்கள். பதில் வேண்டும்.

பாப்பா

*

(தையல்காரரின் போனிலிருந்து வந்த படம். கோடு போட்ட தாள். தேதி இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. நடுவில் பெரிதாக ஓர் எழுத்து.)

வா

*

ஏப்ரல் 29

அன்புள்ள அப்பா,

நான் நன்றாக இருக்கிறேன். நேற்று தூங்கவில்லை, ஆனால் இது வேறு மாதிரித் தூங்காதது.

ரயிலில் எழுதுகிறேன். வண்டி ஆட்டத்தில் என் எழுத்து இப்போது அச்சு அசலாக உங்கள் எழுத்து. தாளைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேலாளரிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு வாரம்தானே? இப்பப் போய் ஊருக்குன்னா எப்படிம்மா?" என்றார். தாடிதான் நாற்காலியைத் திருப்பினான். "அந்த ஒரு கணக்கு மட்டும் பழைய கதவு வழியாவே போகட்டும், மெதுவா. அது கூப்பிட்டா எடுக்க ஆள் இருக்கும். மத்தது எல்லாம் வேகமாவே இருக்கட்டும். நான் மாத்திடறேன், நீ கிளம்பு" என்றான். மேலாளர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. திரும்பிப் போகும்போது வேலை இருக்குமா என்று தெரியாது. பெட்டியைத் தூக்கி மேலே வைத்த பிறகு அதைப் பற்றி யோசிக்கவே அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன்.

எதிர் இருக்கையில் ஒரு சின்னப் பெண் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வருகிறாள். பாதி படிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. அவளுக்கு அழுகை அழுகையாக வருகிறது. நீங்கள் இருந்திருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. ஆனால் உறையில் போட்டு ஒட்டிவிட்டுத்தான் கொண்டுவருவேன், நீங்கள் கிழிக்க வேண்டுமே. நான் பேசினால் உங்களுக்குக் கேட்காது. அதனால் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து இதை உங்கள் கையில் கொடுப்பேன். எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படியுங்கள். எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும். நீங்கள் படித்து நிமிரும்வரை மற்ற எல்லா வேலையும் அப்படியே நிற்கும்.

பாப்பா